கரையில் எழுதும் மீன் கணக்கை நம்பலாமா?

ஏப்ரல் 15, காலை 7:10 (கேள்வி)

இன்று தடைக்காலம் தொடங்குகிறது. 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன்வளம் குறைகிறது, ஆய்வு சொல்கிறது என்கிறார்கள். 2023-இல் இந்தியக் கடலில் 35.3 லட்சம் டன் பிடிபட்டது என்று சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம்) சொல்கிறது. அந்த அரை லட்சம், கால் லட்சத்தை எல்லாம் யார் நிறுத்துப் பார்த்தார்கள்? ஏசி அறையில் உட்கார்ந்து போட்ட கணக்கு என்பது என் கருத்து. தெரிந்தவர்கள் விளக்கலாம்.

ஏப்ரல் 15, இரவு 9:40

ஏசி அறை என்று படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ராமநாதபுரம் மாவட்டக் கரையில் இரண்டு வருடம் ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்தக் கள உதவியாளராக இருந்தேன். கையில் அளவுப் பலகை, சின்னத் தராசு, ஒரு நோட்டு. அதிகாலை நாலரைக்கு மீன் இறங்குதளத்தில் நிற்க வேண்டும். வீட்டில் அப்பா, சித்தப்பா இருவரும் நாட்டுப்படகு. அதனால் இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறேன்.

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் கரைக்கு வருகிறார்கள். நாங்கள் வேறு திட்டம், ஆனால் ஒரே மேடையில்தான் நிற்போம். படகு வந்ததும் என்ன வலை, எத்தனை மணி நேரம் இழுத்தார்கள், எந்த மீன் எத்தனை கூடை என்று கேட்டு எழுதுவார்கள். எல்லாப் படகையும் எழுதுவார்கள். ஏலம் முடிவதற்குள் முடிக்க வேண்டும், பிறகு மீன் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும்.

ஏப்ரல் 16, காலை 6:05

நேற்று அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். எல்லாப் படகையும் எழுதுவதில்லை. அன்று வந்தது 15 அல்லது அதற்குக் குறைவு என்றால்தான் எல்லாம். அதற்கு மேல் போனால் ஒரு முறைப்படி சில படகுகளைத் தேர்ந்தெடுத்து எழுதி, அதிலிருந்து மொத்தத்தைக் கணிப்பார்கள்.

எழுதுகிற நாட்களையும் இஷ்டத்துக்கு எடுப்பதில்லை. மாதத்தைப் பத்துப் பத்து நாளாக மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் ஐந்து நாளில் ஒன்றைக் குலுக்கல் மாதிரி எடுத்து, அதிலிருந்து தொடர்ச்சியாக ஆறு நாள். அதை இரண்டிரண்டாக மூன்று ஜோடி ஆக்குகிறார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் நாள் மதியம் 12 முதல் மாலை 6 வரை, மறுநாள் காலை 6 முதல் 12 வரை. நடுவில் இரவு இறங்கியதை மறுநாள் காலை விசாரித்துச் சேர்க்கிறார்கள். ஆக மதியத்திலிருந்து மதியம் வரை ஒரு கணக்கு நாள்.

கேள்வி கேட்ட நண்பரே, 35.3 லட்சத்தை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, அது உண்மை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுதான். ஆனால் எந்தச் சோற்றை எடுப்பது என்பதற்கு அங்கே விதி இருக்கிறது. அந்த விதியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கோளாறு வேறு இடத்தில், அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 16, மதியம்

61 நாள் பற்றி. தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது. ஒரு தம்பி 2015-இலிருந்தே 61 என்கிறார். மத்திய அரசின் உத்தரவு 2015, இங்கே நடைமுறைக்கு வந்தது 2017. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31.

ஏப்ரல் 18, இரவு

"மீனவரிடம் கேட்டால் போதும், இதற்கு எதற்கு விஞ்ஞானி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காரல் மீன் கூடையை வைத்துச் சொல்கிறேன்.

வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், இழுவைமடியில், அதாவது கடலடியில் இழுத்துப் போகும் வலையில், காரல் நிறைய விழும். ஏலத்தில் அது ஒரே பெயர், காரல். கூடையைக் கொட்டிப் பிரித்தால் நாலைந்து இனம் இருக்கும். வாய் மேல்நோக்கி நீள்வது ஒன்று, கீழ்நோக்கி நீள்வது ஒன்று, முதுகில் கோலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. மொத்தக் காரல் எடை மாறாமலே இருந்து, அதற்குள் ஒரு இனம் மட்டும் காணாமல் போகலாம். ஏல மேடையில் நிற்கிறவருக்கு அது தெரிய வழியில்லை, கூடை நிறைந்துதான் இருக்கிறது. பிரித்து, நீளம் அளந்து, வயிற்றை அறுத்துச் சினை பார்த்து எழுதினால்தான் தெரியும்.

என் அம்மாவுக்கு அந்த நாலைந்துக்கும் தனித்தனிப் பெயர் தெரியும். குழம்புக்கு எது, கருவாட்டுக்கு எது என்று தனியாக எடுப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் படத்தை வைத்துக்கொண்டு திண்டாடியபோது, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பிரிக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அதனால் "மீனவரா விஞ்ஞானியா" என்கிற கேள்வியே எனக்குப் பொருந்தி வரவில்லை.

ஏப்ரல் 20

சங்காயத்தை விட்டுவிட்டேன். சின்னக் குஞ்சு மீன், யாரும் சாப்பிடாத மீன் எல்லாம் சேர்த்துக் குவிப்பார்களே, மீன் தூள் ஆலைக்குப் போவது. ஒரு கையளவு எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வளர்ந்திருந்தால் கிலோ நல்ல விலைக்குப் போகும் மீனின் குஞ்சு அதில் கிடக்கும். எனக்கு இந்த வேலையில் மனம் கனத்துப்போனது சங்காயம் பிரித்த நாட்களில்தான்.

ஏப்ரல் 23, இரவு 10:30

சரி, கோளாறு எங்கே என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா.

வேலையின் மூன்றாவது மாதம் ஒரு சம்மாட்டி (படகு முதலாளி) என்னைப் படகு ஓரமே வரவிடவில்லை. "நீ எழுதுற, அதை வெச்சு எவனாவது மேல ஒரு சட்டம் போடுவான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்வதில் நியாயமும் இருந்தது. நாங்கள் எழுதிய எதுவும் திரும்பி அவர்களிடம் வந்ததில்லை. இரண்டு வருடத்தில் ஒரு தாள், ஒரு கூட்டம், "நீங்கள் கொடுத்த மீனில் இதைக் கண்டுபிடித்தோம்" என்று ஒரு வார்த்தை, ஒன்றும் கிடையாது. அறிக்கை ஆங்கிலத்தில் எங்கோ போனது.

அதற்குப் பிறகு அந்தப் படகில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் கிடைத்தது ஒப்புக்குச் சொன்ன பதில். எத்தனை மணி நேரம் இழுத்தீர்கள் என்றால் "வழக்கம்போலத்தான்". இந்த ஒரு எண்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இருபது கூடை மீன் பத்து மணி நேரத்தில் வந்ததா, முப்பது மணி நேரத்தில் வந்ததா என்பதில்தான் கடலின் நிலைமை இருக்கிறது. மீன்பாடு குறையாமல் இருந்து இழுக்கும் நேரம் மட்டும் கூடிக்கொண்டே போனால் கடல் காலியாகிறது என்று பொருள்.

குலுக்கல் சரியாக இருக்கலாம், சூத்திரம் சரியாக இருக்கலாம். படகு ஓரத்தில் நிற்கும் ஒருவரை இன்னொருவர் நம்பவில்லை என்றால் உள்ளே போகும் எண்ணே பொய். நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான்.

ஏப்ரல் 24

என் திட்டத்தில் நடந்ததைத்தான் எழுதினேன். எல்லா நிறுவனத்தையும் அதில் சேர்க்க வேண்டாம். அதே மேடையில் இருபது வருடமாக வரும் ஒரு கணக்காளர் இருந்தார். அவர் வந்தால் படகுக்காரர்களே டீ வாங்கிக் கொடுத்து, கேட்காமலே சொல்வார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அவருக்குப் பத்திரிகை போகும். அவருடைய நோட்டில் இருந்த எண்ணுக்கும் என் நோட்டில் இருந்த எண்ணுக்கும் அதுதான் வித்தியாசம்.

ஏப்ரல் 27

தடைக்காலம் சரியான மாதமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லா மீனும் ஒரே காலத்தில் சினை பிடிப்பதில்லை. எங்கள் பக்கத்து நண்டு கிட்டத்தட்ட வருடம் முழுக்கச் சினையோடு வரும். முட்டை மஞ்சளாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது, கறுத்துவிட்டால் சீக்கிரமே பொரியும். அந்தக் கறுத்த நண்டைக் கடலிலேயே விடுகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு, சித்தப்பா அவர்களில் ஒருவர். அதற்குத் தடைக்காலம் தேவைப்படவில்லை.

அதற்காக 61 நாள் வீண் என்று சொல்ல மாட்டேன். கடலடியைக் கிளறும் மடி இரண்டு மாதம் நிற்பதே தாழைக்கும் (கடல்புல்) குஞ்சுக்கும் மூச்சு. ஆனால் ஜூன் 15-க்குப் பிறகு எல்லாப் படகும் ஒன்றாகப் பாய்ந்தால் சேர்த்தது எத்தனை நாள் நிற்கும்? ராமேசுவரம், மண்டபம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று ஓர் ஏற்பாடு பல வருடமாக இருக்கிறது. வருடம் முழுக்க நடக்கும் அந்த ஏற்பாடு இந்த 61 நாளை விட முக்கியம் என்று நினைக்கிறேன்.

மே 2

கடல் அட்டை. கடலடியில் ஊரும் மெத்தென்ற பிராணி. இதை யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

2001-இல் கடல் அட்டை எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. அதற்கு முன்பு எங்கள் தாத்தா காலத்தில் அது தொழில். மூழ்கி எடுத்து, அவித்து, காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். எங்கள் ஊரில் யாரும் சாப்பிட்டதில்லை.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. வெள்ளை அட்டை என்ற கடல் அட்டை வகையைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை இந்தியாவில் முதன்முதலில் செய்துகாட்டியது தூத்துக்குடியில், 1988-இல், இதே சிஎம்எஃப்ஆர்ஐ. பொரிக்கத் தெரிந்த ஊரில் 13 வருடம் கழித்துத் தொடவே கூடாது என்று ஆகிவிட்டது. எதிர்க்கரையில், இலங்கையின் வடக்கில், பண்ணை வைத்து வளர்த்து விற்கிறார்கள். தடையை எடுத்துவிட்டு வளர்க்க விடுங்கள் என்பதே என் கட்சி.

மே 5

என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மே 2 குறிப்பைப் படித்த சித்தப்பா (வாசித்துக் காட்டினேன்) கேட்டார்: "பண்ணை அட்டை எது, கடல் அட்டை எதுன்னு அவிச்சுக் காய வெச்ச பிறகு நீ சொல்லிருவியா?" முடியாது. அனுமதி கொடுத்த மறுநாளே திருட்டு அட்டை பண்ணைச் சீட்டோடு போகும். தடைக்கு முன்பு ஆழம் குறைந்த இடத்தில் கையால் எடுத்தவர்கள், கடைசிக் காலத்தில் எவ்வளவு தூரம் போய் மூழ்க வேண்டியிருந்தது என்றும் சொன்னார். அட்டை அப்போதே குறைந்துவிட்டது.

ஆகவே தடையை எடு என்று மொட்டையாகச் சொன்னது தவறு. முதலில் கடலில் எவ்வளவு இருக்கிறது என்று தொடர்ந்து எண்ண வேண்டும். வலையில் தவறி விழுந்ததைச் சொல்கிறவர்மேல் வழக்கு வராது என்று உறுதி வேண்டும். இன்றைக்கு நாட்டுப்படகு வலையில் அட்டை வந்தால் என்ன செய்கிறார்கள்? சத்தமில்லாமல் கடலில் போடுகிறார்கள், அல்லது சத்தமில்லாமல் விற்கிறார்கள். இரண்டுமே எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. 2001-க்குப் பிறகு கரைக் கணக்கில் அட்டை என்கிற வரியே இல்லை, கைதான செய்தியில்தான் எடை தெரிகிறது.

மே 11, இரவு 11:50

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

வேளா மீன் தெரியும்தானே. முகத்துக்கு முன்னால் ரம்பம் மாதிரிக் கொம்பு, இரண்டு ஓரமும் பல். வயதானவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், என் வயதில் கேள்விப்பட்டதோடு சரி. அதுவும் 2001-இல் முதல் அட்டவணைக்குப் போனது, நியாயமாகவே.

வேலையின் இரண்டாவது வருடம், வாடைக்காலத்தில், ஒரு படகில் செத்த வேளா ஒன்று வலையில் சுற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்று பிடித்ததில்லை. பல் வலையில் மாட்டினால் அதனால் கழற்றிக்கொள்ள முடியாது, அழிந்ததற்கு அதுவே ஒரு காரணம். படகுக்காரர் முகம் வெளிறிப் போய் நின்றார். நான் அளந்தேன், எழுதினேன். அன்று மாலை என் மேலதிகாரியிடம் போனில் சொன்னேன். "அதை எழுதாதே. பாதுகாக்கப்பட்ட இனம், வனத்துறை, விசாரணை என்று நம் திட்டம் மாட்டிக்கொள்ளும்" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன். மீன் கடலுக்குத் திரும்பிப் போனது.

ஒரு கரையில் பல வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தெரியும் மீன். ஆயிரம் கூடை காரலை எழுதியதை விட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். நான் அடித்தேன். அவர் சொன்னதற்காக அடித்தேன் என்பது எனக்குப் போதவில்லை.

மே 12

ஆறுதல் எழுதியவர்களுக்கு நன்றி. மேலதிகாரியைத் திட்டி எழுதியதை ஏற்க முடியவில்லை. அவருக்கும் ஒப்பந்த வேலைதான், அவர் பயமும் உண்மை. எழுதினால் தண்டனை, எழுதாவிட்டால் நிம்மதி என்று ஏற்பாடு இருந்தால் எந்த நல்ல மனிதரும் எழுத மாட்டார்.

மே 19

மனம் கொஞ்சம் தெளிய ஒரு நல்ல விஷயம். ஆவுளியா, கடல் பசு.

என் பாட்டி காலத்தில் அதன் இறைச்சி ஊருக்குள் விற்றது. 2013-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை மொத்த இந்தியாவுக்கும் ஏறக்குறைய 250 என்று மதிப்பிட்டது. தாழையை மட்டும் மேயும் பிராணி, மூச்சு விட மேலே வர வேண்டும், வலையில் சிக்கினால் மூச்சடைத்துச் சாகும். இதுவும் வேளா மாதிரியே முதல் அட்டவணைதான். ஆனால் கதை வேறாகப் போனது.

டேராடூனில் இருக்கும் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆட்கள் 2016-க்குப் பிறகு ஊர் ஊராக வந்தார்கள். மீனவர்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்தார்கள், மீனவர் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுத்தார்கள். வலையில் உயிரோடு சிக்கினால் வெட்டி விடு, எங்களிடம் சொல், உன்னைப் பாராட்டுகிறோம் என்றார்கள். வலையை அறுத்து ஆவுளியாவை விட்ட மீனவர்களை மேடையேற்றி மரியாதை செய்தார்கள். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டில் அதுவே முதலாவது.

ஒரே சட்டம், ஒரே அட்டவணை. ஒன்றில் மறைக்கிறார்கள், இன்னொன்றில் வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். என் பெரியம்மா மகன் அப்படி ஒரு வீடியோவை மூன்று நாள் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான். முதலில் யார் கதவைத் தட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

மே 28

மீன் ஆராய்ச்சியின் பழைய கதை கேட்ட தம்பிக்கு. மதராஸ் மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் 1905-இல் மீன்வள விசாரணையைத் தொடங்கினார், 1907-இல் அதற்குத் தனி அலுவலகம் வந்தது. சிஎம்எஃப்ஆர்ஐ 1947 பிப்ரவரி 3-இல் தொடங்கி, 1949-இல் மண்டபத்துக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த முகாம் இருந்த ஊர் அது, அந்த இடத்துக்கு 'மண்டபம் கேம்ப்' என்றே பெயர். 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனது, மண்டபத்தில் மையம் தொடர்கிறது. 2010-இல் கடல் விராலை இந்தியாவிலேயே முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்ததும் மண்டபத்தில்தான்.

ஜூன் 3

ஆமை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பற்றிக் கேட்டார்கள். ஆமையும் மூச்சு விட மேலே வர வேண்டிய பிராணி, இழுவைமடிக்குள் அதிக நேரம் கிடந்தால் போயிற்று. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் மடிக்குள் பொருத்த ஒரு கம்பிச் சட்டம் வடிவமைத்திருக்கிறது. இறால் கம்பி இடுக்கில் புகுந்து பைக்குப் போகும், ஆமை முட்டி மேலே இருக்கும் வாசல் வழியே வெளியேறும். படகுக்காரர்கள் பயப்படுவது அந்த வாசலில் மீனும் போய்விடும் என்று. ஒரு நாள் ஒரே இடத்தில் சட்டம் உள்ள மடியும் இல்லாத மடியும் இழுத்து, இரண்டையும் அவர்கள் கண் முன்னால் கொட்டி நிறுக்கட்டும். துண்டுப் பிரசுரத்தை விட அது பேசும். இந்தக் கம்பிச் சட்டம் பொருத்தாததைக் காரணம் காட்டித்தான் இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை அமெரிக்கா 2019-இல் நிறுத்தியது, ஆக இது ஆமையோடு நிற்கிற விஷயமும் இல்லை.

ஜூன் 18, காலை

தடை முடிந்து முதல் பாடு வந்த நாள் நேற்று. பார்க்கப் போயிருந்தேன். மேடையில் காலூன்ற இடமில்லை, ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலச் சத்தம். நோட்டோடு ஒரு சின்னப் பெண் நின்றாள், இருபத்திரண்டு வயது இருக்கும், புதிதாகச் சேர்ந்தவள். ஒருவர் கூடையைத் தள்ளிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார். சித்தப்பா கூப்பிட்டு, "இங்க வாம்மா, இதுல நாலு மாதிரி காரல் இருக்கு, பிரிச்சுக்க" என்றார். அவர் படகு நாட்டுப்படகு, அவள் எடுக்க வேண்டிய படகு வரிசையில் அது இல்லை. இருந்தாலும் உட்கார்ந்து பிரித்தாள்.

ஜூன் 21, இரவு

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அது எந்த வகை வேளா என்று கேட்டிருந்தீர்கள், அந்த அடையாளத்தைச் சரிபார்க்கத்தான். கொம்பில் பல் எங்கிருந்து தொடங்குகிறது என்பது முக்கியம். ஒரு வகைக்கு முகத்தை ஒட்டிய கால் பகுதியில் பல்லே இருக்காது, மற்றவற்றுக்கு அடி வரை இருக்கும். நான் வரைந்த சின்னப் படத்தில் அடிப்பக்கம் மொழுக்கென்று இருக்கிறது. மாதம், இடம், வலை வகை எல்லாம் அடித்த கோட்டுக்குக் கீழே தெரிகிறது. பென்சிலில் எழுதி, பேனாவால் அடித்திருக்கிறேன், அதனால் எழுத்து போகவில்லை.

படம் பிடித்து, படகின் பெயரையும் எண்ணையும் மட்டும் மறைத்து, சுறாக்களைப் பற்றி ஆய்வு செய்யும் ஒருவருக்கு இன்று அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பல் எத்தனை என்று எண்ணினீர்களா என்று கேட்டிருக்கிறார். எண்ணியிருக்கிறேன். இடது பக்கம் எழுதியது தெளிவாக இருக்கிறது, வலது பக்கம் கோடு சரியாக எண்ணின்மேல் போயிருக்கிறது. நாளை பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.